உப்பு இருந்த இடம்

கதவை அவன் முழுசாகச் சாத்தவில்லை. ஒரு விரல் கனத்துக்கு இடைவெளி கிடக்கிறது, அது வழியாக அவன் முதுகில் பாதி தெரிகிறது, மேலே வெள்ளைச் சட்டை, கீழே கைலி, அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் வெளிச்சம். எழுந்து போய்ச் சாத்தலாம். சாத்தினால் அவள் குரல் கேட்காது. அதனால்தான் சின்ன வெங்காயத்தை மடியில் வைத்துக்கொண்டு அடுக்களை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன், உரித்ததையே திரும்பவும் உரிக்கிறேன் போலிருக்கிறது, தோல் வருவதற்குப் பதில் சதை வருகிறது. மிக்ஸி போடக் கூடாது, குக்கர் வைக்கக் கூடாது, மீன்காரி கூப்பிட்டால் வாசலிலேயே சைகை காட்டி அனுப்பிவிட வேண்டும், பேட்டன்ட் ஆபீஸர் அம்மா மெட்ராஸிலிருந்து கம்ப்யூட்டரில் விசாரிக்கிறார்கள், இங்கே கரண்டி விழுந்தால் அங்கே கேட்கும் என்று காலையிலேயே கிளமென்ட் சொல்லிவிட்டான். "எம்மா, கொஞ்ச நேரம் இந்த வீட்ல ஆளே இல்லன்னு நெனச்சுக்க." நினைத்துக்கொண்டேன். ஆளே இல்லாத வீட்டில் இருந்துகொண்டு ஒரு வெங்காயத்தை உரிக்கிறேன். கரண்டி விழுந்தால் கேட்கும் என்றால் என் மூச்சும் கேட்குமா, அவள் காதில் விழுமா, என் மகள் ரூஃபினா காதில், நாகர்கோவிலில் அவள் வீட்டில் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாளோ, சேலையா சுடிதாரா, தலையை வாரினாளா, ஒன்றும் தெரியாது, குரல் மட்டும் வருகிறது, தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, இங்கிலீஷில். போன கிறிஸ்துமஸுக்கும் வராத பிள்ளை. போன் போட்டால் எடுக்காத பிள்ளை. இன்றைக்கு என் வீட்டுக்குள் அவள் குரல் வந்திருக்கிறது, என் மகனுக்கு எதிராக வந்திருக்கிறது, நான் அதைக் குடிக்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாவி நான்.

இங்கிலீஷ் எனக்கு எட்டாம் வகுப்பு இங்கிலீஷ். ஆனாலும் இவர்கள் பேசுவதில் நாலைந்து வார்த்தை கொக்கி மாதிரி மாட்டுகிறது. சால்ட் என்கிறார்கள். மோல்டு என்கிறார்கள். அப்ளிகன்ட், அப்ளிகன்ட் என்று அவள் சொல்லுகிறாள், முதலில் அது யாரோ ஒரு ஆள் என்று நினைத்தேன், பிறகுதான் தெரிந்தது, விண்ணப்பம் போட்டவன் என்று அவள் அண்ணனை அப்படிச் சொல்லுகிறாள். அவனும் பதிலுக்கு ஆப்பொனென்ட் என்கிறான். எதிர்க்கிறவள். நான் ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ரெண்டும் எங்கே போயிற்று. சின்ன வயசில் அவளுக்கு கிளமென்ட் என்று வாயில் வராது, கிளாமு என்பாள், கிளாமு தூக்கு, கிளாமு ஊட்டு. இன்றைக்கு அப்ளிகன்ட். மாதாவே, இன்று செவ்வாய்க்கிழமை, துக்க தேவரகசியம் சொல்ல வேண்டிய நாள், காலையில் செபமாலையைக் கையில் எடுத்தேன், எந்தக் கருத்துக்காக ஒப்புக்கொடுக்கிறேன் என்று மனசில் நினைக்க வேண்டும் அல்லவா, அங்கேயே நின்றுவிட்டது. மகனுக்காக என்று நினைத்தால் மகள் தோற்க வேண்டும் என்று கேட்ட மாதிரி. மகளுக்காக என்று நினைத்தால் இந்த வீட்டுக்குள் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறவன் வயிற்றில் அடித்த மாதிரி. ரெண்டு பேருக்காகவும் என்று கேட்டுப் பார்த்தேன், என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. இந்த வழக்கில் ரெண்டு பேர் ஜெயிக்க முடியாது. அவன் ஜெயித்தால், இந்தச் செய்முறை கிளமென்ட் கண்டுபிடித்தது, வேறு யாரும் இதைச் செய்யக் கூடாது என்று கவர்மென்ட் எழுதிக் கொடுக்கும். அவள் ஜெயித்தால் அவனுக்குக் கிடைக்காது. அவளுக்குக் கிடைக்குமா என்று கேட்டேன், "எனக்குக் கெடைக்கணும்னு யாரும்மா அழுதா? என் பேர அழிச்சிட்டு அவனுக்குக் கெடைக்கக் கூடாது, அவ்வளவுதான்" என்றாள். அதுதான் அவள் கடைசியாக என்னிடம் போனில் பேசியது. அவன் பேரில் அது வந்துவிட்டால் இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன், நீ செத்தாலும் கோயிலுக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவன் சொன்னது வேறு மாதிரி. அவன் கத்தவே இல்லை. "இது போச்சுன்னா நான் மஸ்கட்டுக்குப் போயிருதேம்மா. திரும்பி வாறதுக்கு எனக்கு இங்க என்ன இருக்கு." நான் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

இப்போது அந்த ஆபீஸர் அம்மா ஏதோ கேட்கிறார்கள். நிதானமான குரல். நம் பக்கத்து ஆள்தான் போல, இங்கிலீஷுக்கு நடுவில் ஒரு "சரி" விழுகிறது. அந்தச் சரி கேட்டால் எனக்குக் கொஞ்சம் தெம்பு வருகிறது, என்ன சரி, யாருக்குச் சரி என்று தெரியாமலேயே. அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கும். இந்தச் சங்கதியை அவர்கள் காகிதத்தில் பார்க்கிறார்கள், துளைகள் உள்ள வார்ப்புப் பொருள் செய்யும் முறை என்று அதற்குத் தலைப்பு வைத்திருப்பதாக கிளமென்ட் எனக்குத் தமிழில் சொன்னான். வார்ப்புப் பொருள். அவியளுடைய கால் அது. சர்க்கரை வியாதியில் என் வீட்டுக்காரருக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள், ஹார்பரில் வின்ச் ஓட்டினவர், ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை, அந்த மனுஷருக்கு ஒரு செயற்கைக்கால் கொடுத்தார்கள், அதன் கிண்ணத்துக்குள் மிச்சக் காலை விட்டால் வேர்வை, வேர்வையில் தோல் ஊறும், ஊறின தோல் உரியும், சாயங்காலம் கழற்றினால் வாடை. நான் முகத்தைத் திருப்பாமல் துடைப்பேன். திருப்பினேனோ ஒரு நாள். திருப்பியிருப்பேன். பிள்ளைகள் ரெண்டு பேரும் சேர்ந்துதான் சொன்னார்கள், காலுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் காற்றுப் போகிற மாதிரி ஒரு ரப்பர் உறை வேண்டும், பஞ்சு மாதிரி துளை துளையாக, ஆனால் அப்பா காலுக்கென்றே அச்செடுத்ததாக. அவள் அப்போது எம்எஸ்ஸி கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள், அவன் ஐடிஐயில் மோல்டு வேலை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். பின்கட்டில் கோழிக்கூடு இருந்த இடத்தைக் காலி பண்ணி அடுப்பு போட்டார்கள். அப்பா காலுக்கு மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்தார்கள், அவிய சிரித்துக்கொண்டே, "ஏல, எடுத்த காலுக்கே இவ்வளவு மரியாதையா, இருக்க காலு கோவிச்சுக்கப் போவுது" என்றார். அச்சுக்குள்ளே பொடி உப்பை நிரப்புவது, அதன் மேல் பாகு மாதிரி ரப்பரை ஊற்றுவது, அது இறுகினதும் தண்ணீரில் போடுவது, உப்பு கரைந்து போய்விடும், உப்பு இருந்த இடமெல்லாம் துளையாக நிற்கும். கேட்க எவ்வளவு லேசாக இருக்கிறது. உப்பு போகவில்லையே. ரப்பருக்கு நடுவில் ஒவ்வொரு உப்பும் தனித்தனியாக அகப்பட்டுக்கொண்டு தண்ணீருக்கு வழி இல்லாமல் அப்படியே கிடந்தது. அது தெரியாமல் முதல் உறையை அவியளுக்கு மாட்டிவிட்டோம். நடக்க நடக்க ரப்பர் நசுங்கி உள்ளே இருந்த உப்பு வேர்வையோடு புண்ணில் இறங்கியது. அவிய கத்தின அந்தச் சத்தம். மாதாவே, அந்தச் சத்தத்தை நான் ஒரு தடவைதான் கேட்டேன், எத்தனை தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் ரெண்டும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றன, அவள் கையை அவன் பிடித்திருந்தானா அவன் கையை அவள் பிடித்திருந்தாளா.

அங்கேதான் எனக்கு எல்லாம் குழம்புகிறது. அதற்கு அடுத்த மழைக்காலம். இதைத்தான் ரெண்டு பேரும் என்னிடம் கேட்கிறார்கள், நீதானம்மா கூட இருந்தே, நீ பாத்தியல்லா, நீ சொல்லு. பார்த்தேன். நான் பார்த்ததை நானே எத்தனை தடவை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டேன், கை பட்டுப் பட்டு அதில் இருந்த முகம் அழிந்துபோய்விட்டது. மழை. பின்கட்டுத் தகரத்தில் சொட்டுகிறது. உப்பு நிரப்பின அச்சு ஒன்று ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்திருக்கிறது, ஈரக்காற்றில் உப்பு பிசுபிசுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, காய்ந்து, காலையில் பார்த்தால் கட்டியாகக் கிடக்கிறது, தட்டினால் டொக் டொக் என்கிறது. ஒருத்தர் சொன்னார்கள், "வீணாப் போச்சு, தூரப் போடு." ஒருத்தர் சொன்னார்கள், "இருக்கட்டும், ஊத்தித்தான் பாப்பமே." அந்த ஊத்தித்தான் பாப்பமே என்றது யார். அதில்தான் இருக்கிறது இவ்வளவும். ஊற்றினார்கள், இறுகியது, தண்ணீரில் போட்டார்கள், உப்பு முழுக்க வெளியே வந்துவிட்டது, ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு வழி, அங்கிருந்து இன்னொன்றுக்கு, வாயை வைத்து ஊதினால் அந்தப் பக்கம் காற்று வருகிறது. உப்பு ஒன்றோடொன்று ஒட்டியிருந்ததால்தான் துளையும் ஒன்றோடொன்று சேர்ந்தது என்று அப்புறம் சொன்னார்கள். அதற்குப் பிறகு மழைக்குக் காத்திருக்காமல் என் இட்லிச் சட்டியில் ஆவி பிடித்தார்கள் உப்புக்கு. வெள்ளைக்காரன் ஒருத்தன் உப்பு போட்டுத் துளை பண்ணுவதை எப்போதோ எழுதிவிட்டானாம், ஆபீஸில் முதல் கடிதத்திலேயே அதைச் சொல்லி மறுத்தார்களாம், அச்சுக்குள்ளேயே வைத்து ஆவியில் உப்பை ஒட்ட வைப்பது மட்டும்தான் புதுசு, அது ஒன்றில்தான் இந்த வழக்கு நிற்கிறது என்று கிளமென்ட் சொன்னான். அந்த ஒன்று யாருடையது. கண்ணை மூடினால் ரூஃபினா நிற்கிறாள், பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, ஊத்தித்தான் பாப்பமே, அவள் குரல், அவளுக்கே உள்ள அந்த இழுப்பு. கண்ணைத் திறந்து திரும்ப மூடினால் அதே இடத்தில் கிளமென்ட் குந்தியிருக்கிறான், கையில் ரப்பர் டப்பா, ஊத்தித்தான் பாப்பமே. ஒரு நாள் பூசை நேரத்தில் நினைத்துப் பார்த்தபோது அதை அவிய சொன்னார், நாற்காலியிலிருந்து, ஒற்றைக்காலை ஆட்டிக்கொண்டு. அவிய அன்றைக்கு ஆஸ்பத்திரியில் அல்லவா இருந்தார். இல்லையா? இருந்தாரா? ரெண்டு பிள்ளைகளுக்கும் அப்பா குரல். கட்டைக் குரல். ஒரு வீட்டில் மூன்று பேருக்கு ஒரே குரலைக் கொடுத்தாய், மாதாவே, கேட்டுப் பழகினவளுக்கு மட்டும் காதைக் கொடுக்கவில்லை.

அவள் இருமுகிறாள். கம்ப்யூட்டருக்குள் அவள் இருமுகிறாள். வறட்டு இருமல். அது சளி இல்லை, தொண்டைப் புண், சின்ன வயசிலேயே டான்சில் அவளுக்கு, வெந்நீரில் உப்பு போட்டுக் கொப்பளிக்கச் சொல்ல வேண்டும். யாரிடம் சொல்ல. கிளமென்ட் இப்போது பேசுகிறான், வேகமாகப் பேசுகிறான், அவன் கைலிக்குக் கீழே கால் ஆடுகிறது. பயந்தால் அவனுக்குக் கால் ஆடும். அவன் செய்தது சரியில்லை என்று எனக்குத் தெரியும். அவள் கல்யாணமாகிப் போன பிறகு நாலு வருஷம் தனியாகக் கிடந்தான் அந்தப் பின்கட்டில், வேலையை விட்டான், ரப்பர் வாடையில் சோறு இறங்காமல் எழுந்து போவான், அதுவும் எனக்குத் தெரியும். விண்ணப்பம் போடுகிற நேரத்தில் அவளுக்குப் பிரசவம், மூன்று பேர் கையெழுத்து, நாலு பேர் கையெழுத்து என்று இழுக்க வேண்டாம், ஒரு பேர் போதும் என்று மெட்ராஸ் ஏஜென்ட் சொன்னாராம். "அப்பறம் சேத்துக்கலாம்னு நெனச்சேம்மா, சத்தியமா." நினைத்திருப்பான். அப்புறம் என்பது வரவில்லை. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு என் வீட்டுக்கு வந்தாள், இந்த அறையில்தான் படுத்திருந்தாள், அவன் தினமும் அவளுக்கு நெத்திலி வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான், பால் ஊறும் என்று. அத்தனை நாளும் இவன் பேர் மட்டும் அங்கே காகிதத்தில் இருந்திருக்கிறது. நெத்திலியை உருவி உருவி நான்தான் குழம்பு வைத்தேன்.

"சர்ச்" என்கிறாள். அதோ சொல்லிவிட்டாள். நான் இவ்வளவு நேரம் இந்த வார்த்தைக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன், வந்துவிட்டது, சர்ச், கிளாஸ் பாக்ஸ், மதர். என் பேரைச் சொல்லவில்லை, மதர் என்கிறாள். வெங்காயம் உருண்டு போய்விட்டது, மேசைக்கடியில், கிடக்கட்டும். அப்படி ஆவியில் அவித்துச் செய்த ரெண்டாவது உறையை மாட்டிக்கொண்டு அவிய தெரு முக்கு வரை நடந்து திரும்பி வந்தார், கழற்றிப் பார்த்தால் தோல் காய்ந்திருந்தது, சிவப்பே இல்லை, நான் அந்தக் காலில் முத்தம் கொடுத்தேன், கட்டின நாளிலிருந்து அவியளை யாரும் பார்க்க நான் தொட்டதில்லை, பிள்ளைகள் முன்னால் முத்தினேன். நேர்ந்திருந்தேன் அல்லவா. கால் சுகமானால் கால் வைக்கிறேன் என்று. கோயில் முற்றத்தில் குகை மாதிரிக் கட்டின எங்கள் கெபியில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி இருக்கிறது, கண் சுகமானவர்கள் வெள்ளியில் கண் வாங்கி வைப்பார்கள், பிள்ளை பிறந்தவர்கள் தொட்டில் வைப்பார்கள், கால் சுகமானவர்கள் தகட்டில் ஒரு கால். எனக்குத் தகடு வைக்க மனசு வரவில்லை. எது என் புருஷனை நடக்க வைத்ததோ அதையே வைக்கிறேன் என்று அந்த உறையையே கழுவி, காயவைத்து, ஒரு மல்லிகைச் சரம் சுற்றிக் கொண்டுபோய் வைத்தேன். அவியளுக்குப் பிள்ளைகள் வேறொன்று செய்து கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் கூட வந்தார்கள். யாரும் வைக்காதே என்று சொல்லவில்லை. கிளமென்ட்தான் பெட்டியைத் திறந்துவிட்டான். ஒரு பொருளை ஊர் பார்க்க வைத்துவிட்டால் அது அப்புறம் புதுசு இல்லை என்று சட்டம் இருக்கிறதாம். விண்ணப்பம் போடுவதற்கு முன்னாலேயே ஊர் அதைக் கெபியில் பார்த்துவிட்டதாம். மெழுகுவர்த்தி கொளுத்த வருகிறவர்கள், குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறவர்கள், எல்லோரும் பார்த்துவிட்டார்களாம். அதைத்தான் இவள் பிடித்திருக்கிறாள். அப்பாவின் நினைவுப் பூசைக்கு வந்தவள், கெபிக்குப் போய் அந்தப் பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றாள், போனை எடுத்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று படம் எடுத்தாள், அப்பாவை நினைத்து எடுக்கிறாள் என்று நான் தள்ளி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன், அவள் தனியாக நிற்கட்டும் என்று வந்தவர்களைக்கூட ஓரமாகப் போகச் சொன்னேன். அந்தப் படம்தான் இப்போது ஆபீஸர் அம்மா கையில் இருக்கிறது. அப்பாவை நினைத்தும் எடுத்திருப்பாள். ரெண்டுக்கும்தான் எடுத்திருப்பாள். ஏன் ஒன்றுக்காக மட்டும் என்று நான் நினைக்க வேண்டும். வழக்கு வந்த பிறகு கிளமென்ட் என்னிடம், "எம்மா, சாமியார்ட்ட கேட்டு அத வாங்கிட்டு வந்துரு" என்றான். நான் கெபி வரை போனேன். பெட்டி முன்னால் முழங்காலில் நின்றேன். கொடுத்ததை எப்படி வாங்குவது, மாதாவே, உன்னிடமிருந்து எப்படி வாங்குவது, அவிய காலை வாங்குகிற மாதிரி அல்லவா. சும்மா திரும்பி வந்தேன். "சாமியார் இல்ல" என்று அவனிடம் சொன்னேன். சாமியார் இருந்தார், தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு.

உள்ளே சத்தம் மாறிவிட்டது. இங்கிலீஷ் போய்விட்டது. "பார்த்தா மட்டும் எப்பிடிச் செஞ்சதுன்னு எவனுக்குத் தெரியும்? பொருளப் பாக்கது வேற, செய்முறை வேற" என்று இவன் சொல்லுகிறான், தமிழில், அவளைப் பார்த்து. "பாக்க மட்டுமா செஞ்சாங்க, அம்மா எல்லார்ட்டயும் சொன்னாங்கல்லா." "அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. அம்மாவ இதுல இழுக்காத." "தெரியாதா? யாரு இட்லிச் சட்டில உப்ப அவிச்சோம்? அது யாரு சட்டி?" "ஏட்டி, வாய அடக்கு." "மேடம் முன்னாடி ஏட்டிங்காத." நான் எழுந்து நின்றுவிட்டேன், எப்போது எழுந்தேன், மடியிலிருந்த தோலெல்லாம் தரையில். சொன்னேனா? சொன்னேன். சொன்னேன், சொன்னேன். கிளமென்ட் அப்பாவைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றப் போயிருந்தான், அவனுக்குத் தெரியாது. செபமாலை சபைப் பெண்கள் நாலைந்து பேர் பெட்டியைச் சுற்றி நின்று, இது என்ன அக்கா தேன்கூடு மாதிரி என்று கேட்டார்கள். எனக்கு வாய் நிறைய சந்தோஷம், அன்றைக்கு யார் என்ன கேட்டாலும் சொல்லியிருப்பேன், உப்பை இட்லி மாதிரி அவிச்சு அச்சுக்குள்ளயே கட்டியாக்கி அதுக்கு மேல ரப்பர ஊத்தி, அப்பறம் ஊறப்போட்டா உப்பு போயிரும் என்று சொன்னேன், அதில் ஒருத்தி, "அப்ப அண்ணனுக்கு இட்லிக் காலுன்னு சொல்லு" என்றாள், எல்லோரும் சிரித்தோம், ரூஃபினா என் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள், அவள் பல் வரிசை, அவள் தலையின் தேங்காயெண்ணெய் வாசம். அது நான் உன் முன்னால் நின்று சொன்ன நன்றி, மாதாவே. அது எப்படி என் மகனை அறுக்கிற கத்தியாகிறது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது நன்றி இல்லை. வாயைத் திறந்ததால் அது குற்றம். "ரெண்டு பேரும் நிறுத்துங்க," ஆபீஸர் அம்மா தமிழிலேயே சொல்லுகிறார்கள், சத்தம் கூட்டாமல். "இது ஹியரிங். வீட்டு ஹால் இல்ல. கண்டுபிடிச்ச அன்னைக்குக் கூட இருந்தது உங்க அம்மா, சர்ச்ல வச்சதும் உங்க அம்மாங்கிறீங்க. அவங்க சொல்றதை அஃபிடவிட்டா ரெண்டு வாரத்துக்குள்ள அனுப்புங்க. அதையும் பாத்துத்தான் நான் ஆர்டர் போட முடியும்." பிறகு இங்கிலீஷில் என்னவோ, தேங்க்யூ, தேங்க்யூ, டொய்ங் என்று ஒரு மணி. அவள் குரல் போய்விட்டது. வீட்டிலிருந்து யாரோ எழுந்து போன மாதிரி இருக்கிறது. கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று நான் கவனிக்கவில்லையே.

கதவைத் திறந்துகொண்டு கிளமென்ட் வந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. கீழே கிடந்த தோலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்று தெரிந்துகொண்டான். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. "எம்மா, ஒரு பேப்பர் எழுதிட்டு வருவேன். நீ யார்ட்டயும் எப்பிடிச் செஞ்சதுன்னு சொல்லல. மழையன்னைக்கு ஊத்திப் பாப்பம்னு சொன்னது நான். இவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுருவியல்லா?" அவன் கண்ணைப் பார்த்தால் அந்தச் சுவரோடு ஒட்டி நின்ற பையன் கண்தான். போட்டுவிடுகிறேன் என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் அலமாரி மேல் இருந்த என் போன் அடித்தது. எத்தனை மாதமாக நான் எடுத்து எடுத்துப் பார்த்து வைத்த போன். அவள் பேர். விரலெல்லாம் வெங்காய ஈரம், எங்கே தொட்டாலும் எடுக்கவில்லை, கடைசியில் அவன்தான் கை நீட்டித் தொட்டான், ஸ்பீக்கரில் போட்டான், போட்டுவிட்டு நகராமல் நின்றான். "எம்மா," என்றாள். "எம்மா, நான் ஒரு பேப்பர் அனுப்புதேன். கெபில வச்சு எல்லார்ட்டயும் நீ சொன்னத எழுதியிருப்பேன். மழையன்னைக்கு ஊத்தச் சொன்னது நான்னு எழுதியிருப்பேன். படிச்சிட்டுக் கையெழுத்துப் போடு. நீ பொய் சொல்ல மாட்டல்லா." தொண்டை கட்டியிருக்கிறது அவளுக்கு. உப்பு போட்டுக் கொப்பளி என்று சொல்ல வேண்டும். "ரூபி," என்றேன், "அன்னைக்குச் சொன்னது யாருன்னு எனக்குத் தெரியலட்டி. முட்டி போட்டுக் கேட்டுப் பாத்துட்டேன். ஒரு நேரம் நீ நிக்க, ஒரு நேரம் அவன் நிக்கான்." "அப்ப நீயும் அவன் பக்கந்தான்" என்றாள். "தெரியலன்னா என்னம்மா அர்த்தம், நீயும் அவ பக்கந்தான்" என்றான் இவன், என் தோளுக்குப் பின்னாலிருந்து. ஒரே கட்டைக் குரல். அடுத்த நிமிஷம் ரெண்டு பேரும் போய்விடுவார்கள், அவள் கட் பண்ணிவிடுவாள், அவன் கதவைச் சாத்திவிடுவான், எனக்கு அது தெரிந்தது, கிணற்றுக்குள் விழுகிறவளுக்குத் தண்ணீர் தெரிகிற மாதிரி தெரிந்தது. "ரெண்டு பேப்பரையும் கொண்டாங்க," என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. "அவன் எழுதினதுலயும் போடுதேன். நீ எழுதினதுலயும் போடுதேன்." "எம்மா!" என்றான் கிளமென்ட், "ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நேர் மாறால்லா இருக்கு. சத்தியம் பண்ணிக் குடுக்குற பேப்பரு அது." "பொய் அஃபிடவிட் குடுத்தா ஜெயில்மா," என்றாள் போனில், பயந்துவிட்டாள், டீச்சர் மாதிரி அதட்டின குரல் போய்விட்டது, "ஒன்னைய உள்ள போட்டுருவாங்க." "போடட்டும்ட்டி," என்றேன். "மாதாட்ட நான் பேசிக்கிடுதேன். உள்ள போட்டா பாக்க வரணும்ல, மனு குடுத்து, வரிசைல நின்னு. ரெண்டு பேரும் ஒரே நாள் வாங்க." அவள் கட் பண்ணவில்லை. அவனும் அப்படியே நிற்கிறான். போனில் அவள் மூச்சு, என் முதுகுப் பக்கம் அவன் மூச்சு, நான் அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன், எங்கேயாவது விரல் பட்டு அணைந்துவிடக் கூடாதே என்று.